குழாயடியில் தொடங்கிய சட்டமன்றம்

(மிருணாள் கோரே குறித்து நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டமன்ற உறுப்பினரிடம் நாம் எதற்காகப் போகிறோம்? பள்ளியில் ஓர் இடம், அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கை, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, எரியாத தெருவிளக்கு. கையில் மனு இருக்கும். வாசலில் காத்திருப்போம். உதவியாளர் வாங்கி அடுக்கில் வைப்பார். காரியம் முடிந்தால் நல்ல மனிதர் என்போம். முடியாவிட்டால் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்வோம் என்போம்.

இப்படியே பழகிப்போனதில் பெரிய விஷயம் ஒன்று நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒருவருக்கு வாங்கித்தரும் உதவி அந்த ஒருவரோடு முடிந்துவிடும். பக்கத்துத் தெருக்காரர் அதே மனுவை மறுபடி எழுதவேண்டும். அதே குறையை எல்லோருக்குமான விதியாக, சட்டமாக மாற்றிவிட்டால் அந்த மனுவே தேவைப்படாது. அந்த மாற்றத்தைச் செய்யத்தான் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவைக்கு அனுப்புகிறோம். ஆட்சியில் இல்லாத, அமைச்சர் பதவி எதுவும் வகிக்காத ஓர் உறுப்பினரால் அதைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய விடை மும்பையில் இருக்கிறது. அவர் பெயர் மிருணாள் கோரே.

1961இல் மும்பை மாநகராட்சி உறுப்பினர். 1972இல் மகாராஷ்டிர சட்டமன்ற உறுப்பினர். 1977இல் மக்களவை உறுப்பினர். 1985இல் மறுபடி சட்டமன்றம். 1988 கடைசியிலிருந்து 1989 வரை அங்கே எதிர்க்கட்சித் தலைவர். 2012 ஜூலை 17 அன்று, தம் 84ஆம் வயதில் மறைந்தார். பொதுவாழ்வின் பெரும்பகுதியை அவர் கழித்தது எதிர்க்கட்சி வரிசையிலும் தெருவிலும்தான்.

1928 ஜூன் 24 அன்று பிறந்தவர். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பெண். விடுதலைக் காலத்தில் சோசலிஸ்டு இளைஞர்களின் தொண்டர் அமைப்பாக இருந்த ராஷ்ட்ர சேவா தளம் அவரை ஈர்த்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு முழுநேரத் தொண்டுக்கு வந்தார். அங்கே உடன் பணியாற்றிய கேசவ் கோரேயைச் சாதி கடந்து மணந்துகொண்டார். இருவரும் கோரேகாவில் குடியேறினார்கள்.

இன்று கோரேகாவ் என்றால் நமக்கு ஃபிலிம் சிட்டி நினைவுக்கு வரும். மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டியதை எதிர்த்து இளைஞர்கள் போராடிய ஆரே பால் குடியிருப்பு நினைவுக்கு வரும். அன்றைக்கு அது மும்பைக்கு வெளியே இருந்த ஊர். 1957இல்தான் பெருநகர எல்லைக்குள் வந்தது. ஆலைகளிலும் சிறு பட்டறைகளிலும் வேலை தேடி வந்தவர்கள் வயல் ஓரத்திலும் குன்றுச் சரிவிலும் குடிசை போட்டுத் தங்கிய இடம். மிருணாள் அங்கே முதலில் கையில் எடுத்தது பெண்களின் உடல்நலம். 1950களின் தொடக்கத்திலேயே குடும்ப நல மையம் ஒன்றை நடத்தினார். பிள்ளைப்பேறு, கருத்தடை என்றெல்லாம் வீட்டுக்குள்கூடப் பேசத் தயங்கிய காலத்தில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அவர் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதாவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1958இல் கணவர் இறந்துபோனார். மிருணாளுக்கு அப்போது முப்பது வயது. கையில் சிறு பெண்குழந்தை. விட்ட படிப்புக்குத் திரும்பியிருக்கலாம். உறவினரோடு போய் இருந்திருக்கலாம். அவர் கோரேகாவை விட்டு நகரவில்லை. மொழிவழி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் நின்றார். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. அடுத்த ஆண்டே கோரேகாவ் மக்கள் அவரை மாநகராட்சிக்கு அனுப்பினார்கள்.

அந்த மக்கள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தண்ணீர். மும்பைக்கு ஏரிநீர் தொலைவிலிருந்து வருகிறது. தான்சா, வைதர்ணா போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து பெருங்குழாய்களில் வருகிறது. புறநகர் மண்ணைக் கடந்து தென்மும்பைக்குப் போகும் நீர் அது. வழியில் இருப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. காரணம் என்ன? மாநகராட்சியின் பார்வையில் குழாய் இணைப்பு கட்டடத்துக்கு உரியது. வரைபட அனுமதியும் வரிச்சீட்டும் உள்ள வீட்டுக்குக் குழாய் உண்டு. காகிதம் இல்லாத குடிசைக்குக் கிடையாது. தாகம் இருக்கிறது, முகவரி இல்லை. ஆகவே தண்ணீரும் இல்லை.

மிருணாள் கோரே அந்தப் பெண்களைத் திரட்டி ஊர்வலமாக மாநகராட்சிக்கு அழைத்துப் போனார். மன்றத்துக்குள் கேள்வி கேட்டார். வெளியே வந்து அதே கேள்வியைக் கூட்டத்தோடு நின்று கேட்டார். ஒருமுறை, இருமுறை கேட்டு ஓய்ந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் கேட்டார். குழாய்கள் வந்தன. கூடவே அவருக்கு ஒரு பெயரும் வந்தது: பாணீவாலி பாயி. நம் பேச்சில் சொன்னால் தண்ணிக்காரம்மா. பட்டம் கொடுக்கும் விழாவில் சூட்டிய பெயர் அன்று அது. குடம் சுமந்த பெண்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்த பெயர்.

குழாய் வந்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று அங்கே நடந்தது. வீட்டு வேலையும் கூலி வேலையுமாக இருந்த பெண்கள், தண்ணீர் தங்களுக்கு உரிமை என்று கற்றுக்கொண்டார்கள். அதிகாரியின் அறைக்குள் நுழைந்து உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டார்கள். கவுன்சிலர் அம்மா வாங்கித் தருவார் என்று வீட்டில் காத்திருக்காமல், அவரோடு நடந்துபோய்க் கேட்டார்கள். மிருணாள் கோரேயின் பொதுவாழ்வு முழுவதையும் இந்த ஒன்றில் அடக்கிவிடலாம்: அவர் மக்களுக்காகக் கேட்டதைவிட, மக்களோடு சேர்ந்து கேட்டது அதிகம்.

தண்ணீருக்கான இந்தப் போராட்டம் அவர் காலத்தோடு முடியவில்லை. குறிப்பிட்ட ஒரு தேதிக்கு முன் குடியேறியவர்தான் சேரியில் தகுதியுள்ளவர், அதற்குப் பின் வந்தவருக்குக் குடிநீர் இணைப்பு இல்லை என்ற விதி மும்பையில் நீண்டகாலம் இருந்தது. பாணி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம், குடியிருப்பு சட்டபூர்வமானதா இல்லையா என்பதை வைத்துத் தண்ணீரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வாழ்வுரிமையில் குடிநீரும் அடங்கும் என்றது. மிருணாள் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு. அரைநூற்றாண்டுக்கு முன் கோரேகாவ் பெண்கள் கேட்டதைத்தான் நீதிமன்றம் சட்டத்தின் மொழியில் சொன்னது. மும்பையின் தாராவிச் சேரியில் போட்டி போட்டு இடம் பிடித்த நம் தமிழர்களுக்கும் இந்தத் தேதிக் கணக்கு என்றால் என்ன என்று தெரியும். வீட்டுக்கு வீடு அந்தக் காகிதத்தைத் தேடி அலைந்தவர்கள் அவர்கள்.

இனி சட்டமன்றத்துக்கு வருவோம். 1972 தேர்தல் வங்கதேசப் போர் வெற்றிக்குப் பின் நடந்தது. மகாராஷ்டிரத்தில் 270 இடங்களில் 222 இடங்களைக் காங்கிரஸ் பிடித்தது. அந்த வெள்ளத்தில் மாலாட் தொகுதியிலிருந்து சோசலிஸ்டாக மிருணாள் கோரே வென்றார். எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்கள் பேச்சுக்கு ஒரு விலையும் இருந்திருக்கக் கூடாது.

அப்போதுதான் பெரும் வறட்சி வந்தது. மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. ரேஷனில் தானியம் குறைந்தது, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, சமையல் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனது. அந்த நேரத்தில் மும்பையின் பெண் தலைவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சோசலிஸ்டான மிருணாள் கோரேயும் பிரமிளா தண்டவதேயும், மார்க்சிஸ்ட் கட்சியின் அகில்யா ராங்ணேகரும், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தாரா ரெட்டியும் சேர்ந்து விலைவாசி உயர்வு எதிர்ப்புப் பெண்கள் குழுவை அமைத்தார்கள். இவர்களுடைய கட்சிகள் ஒன்றையொன்று கடுமையாகத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அடுப்படியில் எண்ணெய் இல்லை என்பதில் கட்சி வேறுபாடு இல்லை என்று இவர்கள் சேர்ந்தார்கள்.

கூட்டங்களுக்கு வந்த பெண்களின் கையில் கொடி இல்லை. சப்பாத்திக் கட்டையும் தட்டும் இருந்தன. தட்டில் கட்டையால் அடித்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் தெருவில் நடந்தார்கள். தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள். அதுவரை எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாத இல்லத்தரசிகள் அவர்களில் பலர். உள்ளே மிருணாள் எழுந்து ரேஷன் அளவு பற்றிக் கேள்வி கேட்கும்போது, வெளியே கேட்ட அந்தத் தட்டொலி அமைச்சர்களின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. 222 பேர் கொண்ட ஆளுங்கட்சி அந்தக் கொஞ்சம் பேருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டியிருந்ததன் காரணம் இதுதான். அவையில் ஒருவரின் குரலுக்கு எடை எங்கிருந்து வருகிறது? அவருக்குப் பின்னால் வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறது.

1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மிருணாள் தலைமறைவாகி மாதக்கணக்கில் வேலை செய்தார். பிடிபட்ட பின் சிறையில் தனியறையில் வைக்கப்பட்டார். 1977இல் வட மும்பையிலிருந்து மக்களவைக்கு வென்றார். இந்திரா காந்தி ராய் பரேலியில் தோற்றார். மும்பைத் தெருக்களில் அன்று எழுந்த முழக்கத்தை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: தண்ணிக்காரம்மா தில்லியிலே, தில்லிக்காரம்மா தண்ணியிலே! மொரார்ஜி தேசாயின் ஜனதா கட்சி அமைச்சரவையில் சுகாதாரத் துறை தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஜனதா ஆட்சி கவிழ்ந்தது. 1980 முதல் 1985 வரை அவர் எந்த அவையிலும் இல்லை. பதவி போன அரசியல்வாதிக்கு வாசல் வெறிச்சோடிவிடும் என்பார்கள். மிருணாள் கோரே தம் வாழ்க்கையின் இரண்டு பெரிய வேலைகளுக்கு அடித்தளம் போட்டது அந்தக் காலத்தில்தான்.

ஒன்று, ஸ்வாதார். கணவர் பெயரிலான கேசவ் கோரே நினைவு அறக்கட்டளையின் இடத்தில் தொடங்கிய பெண்கள் ஆலோசனை மையம். வரதட்சணை, அடி, கைவிடப்படுதல் என்று வரும் பெண்களுக்குத் தோள் கொடுத்த இடம்.

இன்னொன்று, வீடு. 1976இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. மும்பை போன்ற பெருநகரங்களில் ஒருவர் 500 சதுர மீட்டருக்கு மேல் காலிமனை வைத்திருக்கக் கூடாது. உபரியை அரசு எடுத்து ஏழைகளின் வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 20ஆம் பிரிவு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அந்தச் சந்து வழியாகப் பெரும்பெரும் மனைகள் வெளியேறின. உபரி என்று காகிதத்தில் எழுதிய நிலம் காகிதத்திலேயே இருந்தது.

மிருணாள் கோரேயும், சோசலிஸ்டுத் தோழர்களான பாபுராவ் சாமந்தும் பி.பி. சாமந்தும் சேர்ந்து நாகரி நிவாரா பரிஷத் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சட்டம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, வீடில்லாத மக்கள் இருக்கிறார்கள், நிறைவேற்றுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கை. குறைந்த வருமானக்காரர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்தார்கள். அலுவலகம், நீதிமன்றம், தெரு என்று மூன்று இடத்திலும் நின்று ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் கோரேகாவ் கிழக்கில் திண்டோஷிப் பகுதியில் நிலம் கிடைத்தது. அங்கே 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடு எழுந்தது. மும்பையில் ஏழைக்கு வீடு என்று யார் பேசினாலும் இன்றும் அந்தக் குடியிருப்பைக் காட்டத்தான் வேண்டும். உச்சவரம்புச் சட்டத்தை மத்திய அரசு 1999இல் விலக்கிக்கொண்டது. மகாராஷ்டிரம் 2007இல் கைவிட்டது. நாட்டின் பெருநகரங்களில் பெரும்பாலும் பயன்படாமலே செத்துப்போன சட்டம், மக்கள் சேர்ந்து பிடித்து உலுக்கிய அந்த ஓர் இடத்தில் பலன் கொடுத்தது.

1985இல் கோரேகாவ் அவரை மறுபடி சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வந்திருக்கிறேன்.

கருவில் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வந்தது பனிக்குட நீர்ப் பரிசோதனை. அதில் குழந்தை ஆணா பெண்ணா என்றும் தெரியும். பெண் என்று தெரிந்ததும் கருவைக் கலைப்பது பரவியது. 1978இல் மத்திய அரசு இந்தப் பயன்பாட்டை அரசு மருத்துவமனைகளில் தடுத்தது. தனியார் மருத்துவமனைகளைத் தொடவில்லை. விளைவு, வியாபாரம் அங்கே போனது. இப்போது ஐந்நூறு செலவழித்தால் பின்னால் வரதட்சணை லட்சக்கணக்கில் மிச்சம் என்ற பொருளில் மும்பையில் வெளிப்படையாக விளம்பரம் செய்தார்கள். 1986இல் நடந்த ஆய்வொன்றில், விசாரித்த 50 மகப்பேறு மருத்துவர்களில் 42 பேர் பாலறியும் சோதனை செய்வது தெரியவந்தது. மறைவில் நடந்த குற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. படித்தவர்கள், பெயர்ப்பலகை மாட்டி, ரசீது கொடுத்துச் செய்த வேலை.

பெண்கள் அமைப்புகளும் மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் சேர்ந்து இதற்கெதிராக மும்பையில் ஒரு மேடை அமைத்தார்கள். அந்த இயக்கத்தின் கோரிக்கையை மிருணாள் கோரே தனிநபர் மசோதாவாகச் சட்டமன்றத்துக்குள் எடுத்துச் சென்றார். தனிநபர் மசோதா நிறைவேறுவது இந்தியாவில் மிக அரிது. நாடாளுமன்றத்தில் 1970க்குப் பிறகு ஒன்றுகூட நிறைவேறியதில்லை. அப்படியானால் ஏன் கொண்டுவர வேண்டும்? அரசை வாய் திறக்கவைக்க. மசோதா அவைக்கு வந்துவிட்டால் அமைச்சர் ஆதரிக்கவேண்டும், அல்லது மறுப்பதற்குக் காரணம் சொல்லவேண்டும். பெண்கருவை அழிப்பதற்கு அவையில் எழுந்து என்ன காரணம் சொல்ல முடியும்? வெளியே இயக்கம் வளர்ந்தது. உள்ளே மசோதா நின்றது. அரசு தானே ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 1988இல் கருவின் பாலறியும் சோதனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் மகாராஷ்டிரத்தில் நிறைவேறியது. இந்தியாவில் இப்படியொரு சட்டம் அதுதான் முதல். அதன் வழியில் 1994இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. நம் ஊர் ஸ்கேன் மையத்தின் சுவரில், இங்கே குழந்தையின் பாலினம் தெரிவிக்கப்படாது என்று ஒரு பலகை மாட்டியிருப்பதைப் பார்க்கிறோம். அந்தப் பலகைக்கும் கோரேகாவ் பெண்களின் ஊர்வலத்துக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

சட்டம் வந்தது, சரி. தீமை ஒழிந்ததா? உண்மையைச் சொல்லவேண்டும். மகாராஷ்டிரத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 1991இல் 946 பெண்கள் இருந்தார்கள். 2001இல் 913. 2011இல் 894. சட்டம் இருந்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை கீழே போனது. அதே காலத்தில் தமிழ்நாட்டில் 948, 942, 943 என்று ஏறத்தாழ அதே இடத்தில் நின்றது. ஒரே மத்தியச் சட்டம், இரண்டு மாநிலம், இரண்டு விதமான கணக்கு. இதிலிருந்து சட்டம் வீண் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டம் இல்லாதிருந்தால் அந்த விளம்பரங்கள் இன்றும் ரயில் பெட்டியில் தொங்கும். ஆனால் சட்டம் தானாகக் காவல் காக்காது. 1980களில் அந்தச் சட்டத்தைப் பெற்றுத்தந்த இயக்கத்தின் விழிப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வொரு ஸ்கேன் மையத்தின் முன்னும் இருக்கவில்லை. தண்ணீரில் மக்கள் காவல் நின்றார்கள், குழாய் வந்தது. உபரி நிலத்தில் காவல் நின்றார்கள், வீடு வந்தது. காவல் தளர்ந்த இடத்தில் சட்டம் தாளில் நின்றது. மிருணாள் கோரேயின் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் அவர் வென்ற இடங்களில் இருப்பதுபோலவே இங்கேயும் இருக்கிறது.

ஒரு மறுப்பு எழும். ஏழைப் பாட்டிக்கு உதவித்தொகை நாளைக்கே வேண்டும். விதி மாறும்வரை அவர் காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்வாதாருக்கு அழுதுகொண்டு வந்த பெண்ணிடம், சட்டம் வரட்டும் என்று மிருணாள் சொல்லவில்லை. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குச் செய்தார். ஆனால் அதே குறையோடு நூறு பேர் வந்தால், நூறு பேருக்கும் தனித்தனியே உதவிசெய்து நூறு நன்றிகளைச் சேர்த்துக்கொள்வதோடு நிற்கவில்லை. நூறு பேரையும் ஒன்றாக உட்காரவைத்தார். குறை எங்கே பிறக்கிறது என்று தேடினார். அந்த இடத்தை அடைக்க அவைக்குப் போனார்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நிழற்குடை கட்டலாம், வகுப்பறை கட்டலாம், தேவையானவைதான். ஆனால் அவர் கையில் அதைவிடப் பெரிய கருவிகள் இருக்கின்றன. வினா நேரம் இருக்கிறது. கவன ஈர்ப்புத் தீர்மானம் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதத்தில் வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. தனிநபர் மசோதா இருக்கிறது. இவற்றுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நாடெங்கும் சட்டமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 30 நாள்கூடக் கூடுவதில்லை. அந்தச் சில நாட்களில் நம் உறுப்பினர் எதைப் பற்றி எழுந்து பேசினார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாம் கேட்காததால் அவரும் சொல்வதில்லை. கல்யாணத்துக்கு வந்தாரா, துக்கத்துக்கு வந்தாரா என்ற கணக்கை மட்டும் இருவரும் சரியாக வைத்திருக்கிறோம்.

மிருணாள் கோரே போன்றவர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. கோரேகாவ் பெண்கள் அவரை உருவாக்கினார்கள். அவர் அந்தப் பெண்களை உருவாக்கினார். பத்தாண்டு மாநகராட்சியில் உழைத்த பிறகே சட்டமன்றம் போனார். ஊராட்சியிலும் மாநகராட்சியிலும் இன்று தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. அந்தப் பல்லாயிரம் பேரில் எத்தனை மிருணாள்கள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை. அவர்கள் பின்னால் நடக்க நாம் தயாரா என்பதிலும் இருக்கிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்தமுறை உங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். அதே குறை உள்ள பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். எனக்கு முடித்துக்கொடுங்கள் என்று கேட்பதோடு, இதை அவையில் எழுப்புங்கள் என்றும் கேளுங்கள். எழுப்பினால் கைதட்டுங்கள், பதில் வந்தால் அதை ஊருக்குள் எடுத்துச் சொல்லுங்கள், சட்டமே வந்தால் அதைக் காவல் காக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எழுப்பாவிட்டால் மறுபடி போங்கள், இன்னும் அதிகம் பேரோடு போங்கள். நல்ல பிரதிநிதி கிடைக்கவில்லையே என்று வருந்துவதை விட்டு, நல்ல பிரதிநிதியை உருவாக்கும் தெருவாக நம் தெருவை மாற்றுவோம்.